லீவு முடிவதற்குள்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்த நான், கல்யாணமானதும் குவைத் போனேன். மனைவியின் பிரசவத்துக்கென்று வந்தபோது கணக்குத் தப்பிவிட்டது. லீவு முடியப் பத்து நாள்தான். டாக்டர் சொன்ன தேதிக்கோ ஐந்து வாரம்.

“அது வரும்போது வரட்டுங்க,” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. பார்த்துவந்த டாக்டர் மறுத்ததால், வேறு ஆஸ்பத்திரியில் கெஞ்சி ஆபரேஷனுக்கு நாள் வாங்கினேன்.

மகள் அழுதபடிதான் பிறந்தாள். சற்றைக்கெல்லாம் அழுகை முனகலானது. மூச்சிழுக்கும்போதெல்லாம் நெஞ்சு உள்ளே குழிந்தது, உதடு நீலமானது.

“எடை நல்லாத்தானே இருக்குது டாக்டர்?”

“எடை இருக்குதுங்க. நுரையீரல் ஒட்டிக்காம இருக்க உள்ள ஒரு கொழுப்புப் படலம் வேணும். அதுக்கான ஜீனெல்லாம் கடைசி வாரங்கள்லதான் முழுசா வேலை செய்யும். அந்த வாரங்களத்தான் நீங்க குடுக்கல,” என்றார் குழந்தை டாக்டர்.

 

குழாய் வழியே நுரையீரலுக்குள் மருந்து விட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

முகத்தைப் பார்க்கத்தான் அவசரப்பட்டேன். கிளம்பும்வரை கண்ணாடிக்கு வெளியே நின்று, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். குவைத்தில் நண்பர்கள், “பாப்பா யார் ஜாடை?” என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.