ஸ்டெல்லா அக்காவை எங்கே வைப்பது

நாலு வருடமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதினால் கிறிஸ்தவர்களின் மானம் போகும் என்றாள் மனைவி. அது அக்காவை அடக்கம் பண்ணிய அன்றைக்கே எண்ணூர் நெடுஞ்சாலையில் போய்விட்டது. ஆகவே எழுதுகிறேன்.

என் அக்கா ஸ்டெல்லா பிறந்தது ராயபுரத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது எண்ணூரில், புராட்டஸ்டண்ட் வீட்டில். கடைசிக் காலத்தில் திருவொற்றியூர் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். மூன்று இடத்திலும் அவள் கும்பிட்டது ஒரே இயேசுவைத்தான்.

காலை பத்து மணி, எண்ணூர். அக்காவின் கணவரான மாமாவின் சபைக் கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. அக்காவை ஏற்றிய வண்டி வாசலுக்கு வந்ததும் ஐயர் (அந்தச் சபையில் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்) கையை நீட்டி நிறுத்தினார். துக்க வீட்டில் பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஜெபம் பண்ணியதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டாவது ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு இங்க இடமில்ல. கமிட்டி முடிவு."

"வெட்டுன குழிய இன்னா பண்ணுவீங்க ஐயரே?" என்றார் மாமா. ஐயர் கேட்டைச் சாத்தினார்.

பதினொன்றரை, திருவொற்றியூர். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தோம். பாஸ்டரின் சபை ஒரு வாடகை மாடி.

"நமக்கு நிலம் இல்ல பிரதர். எங்க அடக்கம் பண்ணாலும் வர்றேன். ஆனா மெழுகுவத்தி, சிலுவை வெச்சா உள்ள கால் வைக்கமாட்டேன்."

அவர் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள் என் அக்கா.

வண்டி ஓட்டிய காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். "இன்னா நைனா, உங்காளுங்க உள்ளாறயே இவ்ளோ பேஜாரா கீது? நீங்கல்லாம் ஒண்ணுன்னு நென்ச்சிகினு இருந்தேன்."

"நானும் அப்டித்தான் பாய் நென்ச்சிகினு இருந்தேன்."

ஒரு மணி, ராயபுரம். எண்ணூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருந்தோம். இது நான் ஞாயிறுதோறும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் கத்தோலிக்கக் கோயில்.

"முப்பது வருஷம் முன்னாடியே நம்மள விட்டுப் போனவங்களாச்சே," என்றார் எங்கள் பங்கின் குருவான சாமியார். "பங்கு மக்கள் கேள்வி கேப்பாங்க."

"நானும் பங்கு மக்கள்தான் சாமி. நான்தான் கேக்கறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வந்த வழியே திரும்பினோம். மூன்றரை மணிக்குத் திருவொற்றியூரில் மாநகராட்சி மயானத்தில் அடக்கம். மாமா சிலுவை வைத்தார், நான் மெழுகுவத்தி ஏற்றினேன். கேட் வரை வந்த பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நான் எங்கள் வழக்கப்படி 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று தொடங்கினேன். மாமா அவர் சபை வழக்கப்படி 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கினார். இரண்டும் மோதிக்கொள்ள, இருவரும் நின்றுவிட்டோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் காதர் பாய். "ரெண்டு பேரும் சொல்லுங்க. அக்காவுக்கு ரெண்டும் தெர்யும்ல."

சொன்னோம். அவரவர் வார்த்தையில், கடைசி வரை.

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் திருச்சபையின் ஒற்றுமைக்காக மன்றாடினார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒற்றுமைக்காக மன்றாட வேண்டியது நான் அல்ல, கேட்டைத் திறக்க வேண்டியவர்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது பாஸ்டர் உள்ளே வந்தார், சாமியார் கண்கலங்கினார் என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். எண்ணூரில் அக்காவுக்கு வெட்டிய குழியை அன்று சாயங்காலமே வெறும் மண் போட்டு மூடினார்கள். அதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.