அடுப்பில் வெடித்த முட்டை

ஹனோராவை எனக்குப் பிடிக்கும் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பவும் வேண்டாம். வாயைத் திறந்தால் தேளாகக் கொட்டுவாள். ஆனால் சூனியக்காரி இல்லை, கோழி வளர்ப்பவள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு வாராவாரம் முட்டை வாங்க வரும் வண்டிக்காரன் கொடுப்பதில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

அந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் அடுத்த வீட்டு டெலியா. அவளும் முட்டை விற்கிறவள்தான். ஒரு கோடையில் அவள் வைக்கோற்போரில் முட்டைகள் கிடந்தன. தன் வீட்டு அதிர்ஷ்டத்தை இழுக்க யாரோ வைத்துவிட்டார்கள் என்று கூச்சல் போட்டாள். கையால் தொடாமல் மண்வெட்டியில் அள்ளி, தீர்த்தம் தெளித்து, முற்றத்தில் எரித்தாள். அவை எரியும்போது எதையாவது கேட்டு வாசலுக்கு வருபவள்தான் வைத்தவள். அயர்லாந்தில் எங்கள் கெரி சீமையில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

வந்தவள் ஹனோரா. "டெலியா, என் சாம்பக் கோழியப் பாத்தியா? எங்கயோ போயி ஒளிச்சு ஒளிச்சு முட்ட போடுது."

அந்தக் கோழி எங்கே போட்டது என்று இதற்குமேல் யார் சொல்ல வேண்டும்? கண்ணிருந்தும் குருட்டு ஊர். டெலியா சிலுவை போட்டுக்கொண்டு அலறிய அலறலில், மறுவாரமே முட்டை வண்டி ஹனோரா வாசலில் நிற்காமல் போனது. அதன்பின் அவள் மலை தாண்டி, தன்னை அறியாத சந்தைக்குக் கூடையைச் சுமந்தாள்.

நவம்பர்க் குளிரில் புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள் வந்தது. அன்று வாசற்படியில் சேவல் ரத்தம் சிந்தாவிட்டால் வருஷம் முழுக்க வீட்டுக்கு ஆகாது. டெலியாவின் சேவலை நரி தூக்கிவிட்டது. மற்றவர்கள் தங்கள் சேவலைத் தங்கள் வாசலுக்கே அறுத்துவிட்டார்கள். மிச்சம் ஹனோராவிடம்தான்.

நான் ஹனோரா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். டெலியா வருவதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். சந்தைக் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்து அடுப்பில் போட்டாள்.

"அடி பைத்தியமே, நல்ல முட்டடி!"

"வாய மூடிக்கிட்டுத் தேத்தண்ணியக் குடி, கிட்டி."

டெலியா வாசலில் நின்று குழைந்தாள். "ஹனோரா, ஒரு சேவ குடேன். திருநாளாச்சே."

படாரென்று ஒரு முட்டை வெடித்தது.

"அடுப்புல என்னடி?"

"முட்டதான். என் வைக்கோல்ல கெடந்துச்சு. எரியறப்ப எவ வர்றான்னு பாத்துக்கிட்டிருந்தேன். என்ன கேட்ட? இன்னொருதரம் சொல்லு, கிட்டிக்குக் காது மந்தம்."

டெலியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சேவலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஓடினாள்.

"இதனால உன் பேரு வெளுத்துருமா?" என்றேன்.

"வெளுக்க வேணாம். அவ பேரும் கறுத்தாப் போதும்."

பொழுது சாய்வதற்குள் பார்த்ததை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். கூடையில் இருந்த முட்டை என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முட்டை வண்டி டெலியா வாசலிலும் நிற்கவில்லை.