முன்வாசலில் சுட்ட கறி

கொட்டாங்குச்சிக் கனலில் கொழுப்பு சொட்டி 'சொய்ங்'கென்று சீறும்போது எழுகிற புகைக்கு மிளகும் பூண்டும் கலந்த ஒரு காரநெடி உண்டு. கண்ணைக் கரிக்கும், ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டோம். தொண்ணூறுகளின் நடுவில், மதுக்கரையில் நாங்கள் சொந்த வீடு கட்டிக் குடிபோன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் புகையை நான் முதன்முதலாக அறிந்தேன்.

அதற்கு முன் கோவையில் லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்தோம். மாட்டுக்கறி சமைப்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்பதால், ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி, குக்கரில்தான் வேகவைப்பாள் அம்மா. வெளியில் அதற்குப் பெயர் 'பெரிய கறி'. அதையும் நானும் தம்பியும் காதோடு காதாகத்தான் சொல்லிக்கொள்வோம். சுட்டுத் தின்பதை நினைத்தே பார்க்க முடியாது. புகையை எந்த ஜன்னலைச் சாத்தியும் நிறுத்த முடியாதல்லவா.

ஆகவே, சுவருக்குப் பூச்சுகூட முடியாத அந்த இரண்டறை வீட்டுக்கு வந்ததும் லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா செய்த முதல் காரியம், இரும்புக் கம்பிகளை வெல்டிங் வைத்து ஒரு தட்டு செய்துகொண்டு வந்ததுதான். உக்கடத்தில் வாங்கிய தொடைக்கறியை உள்ளங்கை அகலத்துக்குத் துண்டுபோட்டு, பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ஊறவைத்து, மிளகும் பூண்டும் உப்பும் தேங்காயெண்ணெயும் தடவி அம்மா முடித்தபோது, அப்பா முன்வாசலில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பொறத்தால வெச்சுக்கலாமுங்க. நாலு பேரு போற வழி" என்றாள் அம்மா.

"சொந்த ஊடு கட்டிப்போட்டு எதுக்கு புள்ள ஒளியோணும்?" என்றார் அப்பா.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு இன்னும் குழாய் இணைப்பு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சரசக்காதான், வீடு கட்டும்போதிருந்தே, காலையில் மோட்டார் போட்டதும் எங்களையும் கூப்பிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்வார். புகை வேலியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அவரே வெளியே வந்துவிட்டார்.

"என்னங்கம்மிணி, வாசம் தூக்குது? ஆட்டுக்கறிங்களா?"

'ஆமாங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இல்லீங்கக்கா. மாட்டுக்கறிங்க."

வீட்டுக்கு வெளியே அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. சரசக்கா "சரிங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். மறுநாள் காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வேலிப்படல் மட்டும் பூட்டியிருந்தது.

அம்மா கூப்பிட்டுப் பார்க்கவில்லை, திட்டவுமில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்வீதிப் பொதுக்குழாய்க்கு நடந்தாள். அப்பா சைக்கிளின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு வாளி. இணைப்பு வரும்வரை பல மாதங்கள் அப்படித்தான் ஓடின. அடுத்த ஞாயிறன்று, "பின்னாடியே வெச்சுக்கலாமா புள்ள?" என்று இந்த முறை தயங்கிக் கேட்டவர் அப்பா. அம்மா கற்களைத் தூக்கிக்கொண்டுபோய் முன்வாசலில் அடுக்கிவிட்டு, "கொட்டாங்குச்சி கொண்டா கண்ணு" என்றாள் என்னிடம். ஓரம் கருகி, நடுவில் சாறு நின்ற அன்றைய கறியின் ருசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த முன்வாசல் இன்று இல்லை. சாலையை அகலப்படுத்தியதில் பாதி போயிற்று, மீதியில் தம்பியின் கார் நிற்கிறது. சரசக்காவின் தோட்டம் மனைகளாகி, அவரும் எங்கோ மகனோடு போய்விட்டார். அம்மாவுக்குப் பல் போய்விட்டதால் சுட்ட கறியை மெல்ல முடிவதில்லை. அலுவலகத்தில் மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, "இன்னிக்கு என்னங்க கறி?" என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்பவர்கள் உண்டு. நான் அம்மாவின் மகள், சொல்லிவிடுகிறேன்.