கொள்கை வாத்தியாரும் ஒரு தாழ்ப்பாளும்

அவருக்குக் கொள்கை வாத்தியார் என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய மாணவர்களேதான். மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்கு நடத்த எழுந்தால் சுண்ணாம்புக்கட்டி தேய்வதற்குள் கல்விக் கொள்கைக்கு வந்துவிடுவார். பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்பார்கள். கணக்குப் போடாமல் தப்பிக்க அதைவிட வசதி வேறு ஏது?

ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அவருக்குத் தனி மவுசு. "கல்வியைக் கூறுகட்டி விற்கிறார்கள்!" என்று மேசையைக் குத்தினால் மைக் ஒருமுறை துள்ளி அடங்கும். கைதட்டல் ஓய்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். டை கட்டி, ஷூ போட்டு, தனியார் பள்ளி வேனில் மகள் வந்து இறங்கும் நேரம். கூறுகட்டி விற்கிற இடத்தில் நல்ல கூறாகப் பார்த்து வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய பேச்சுகளிலேயே அதிகக் கைதட்டல் வாங்கியது வறுமை பற்றியதுதான். "மதியத்துக்கு மேல் என் வகுப்புக்கு வந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் வாடிய கீரையாகத் துவண்டு கிடப்பார்கள். அது தூக்கமல்ல, தோழர்களே, வறுமை!" பெண் பிள்ளைகள் மட்டும் ஏன்? ஒரே குடிசையில் இருக்கும் அண்ணனை விட்டுவிட்டுத் தங்கையை மட்டும் பிடிக்கிற வறுமை எது? இதை அவரும் கேட்டதில்லை, கைதட்டியவர்களும் கேட்டதில்லை. பகுத்தறிவுக்குக் கூட்டத்தில் நாற்காலி போட மறந்துவிட்டார்கள்.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்தில் ஒரு சீர்திருத்தக் குழு கூடியது. குளுகுளு அறையில் மண்டையை உடைத்துக்கொண்டு அது கண்டுபிடித்தது இதுதான்: ஏழைகளின் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆகவே பள்ளிகளை மூடலாம். நோயாளி இளைத்துவிட்டான், கட்டிலைப் பிடுங்குங்கள் என்கிற வைத்தியம். இருபது பேர் தேறாத பள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படும். லாரிகள் பறக்கும் சாலையை ஆறு வயதுப் பிள்ளை எப்படிக் கடக்கும் என்பது குழுவின் ஆய்வு வரம்பில் இல்லையாம்.

வாத்தியாரின் பள்ளியில் பத்தொன்பது பேர்.

"ஒண்ணே ஒண்ணுதான் குறையுது" என்றார் தலைமையாசிரியை. "மாசக் கடைசிக்குள்ள எங்கேயாவது போய்ப் புடிச்சிட்டு வாங்க. பேசத்தான் உங்களுக்குச் சொல்லித்தரணுமா?"

வாத்தியார் தெருத்தெருவாக இறங்கினார். எந்த வாசலில் நின்றாலும் அவர் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் ஒரே கேள்வி வந்து விழுந்தது. கடைசியாக இஸ்திரி போடும் பெண்ணிடம் வந்தார். அவளுடைய மூத்த பெண் அவரிடம்தான் படிக்கிறாள். இளையவளைச் சேர்க்க வேண்டும்.

"சின்னவளை வேன்ல ஏத்திடலாம்னு இருக்கேன் சார்" என்றாள், பெட்டியை அழுத்தித் தேய்த்தபடி.

"ஏம்மா, நம்ம ஸ்கூலுக்கு என்ன குறைச்சல்?"

"உங்க பொண்ணு எங்க சார் படிக்குது?"

"அது வேற விஷயம்மா. இதை ஒரு கொள்கையா பார்த்தா..."

"எங்களுக்கு மட்டும் நல்ல சாப்பாடு, நல்ல சாப்பாடுன்னு பரிமாறுறீங்க. உங்க வீட்டுத் தட்டு எதிர்க்கடையில இல்ல இருக்கு!" என்று பெட்டியைத் திருப்பி வைத்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், நெருப்பு தெறிக்கும்."

நெருப்பு ஏற்கெனவே தெறித்துவிட்டிருந்தது. அன்று மாலை மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"நம்ம பொண்ணா? நீங்க பாடம் நடத்துற ஸ்கூல்லயா?"

"ஏன், என் பாடத்துக்கு என்ன?"

"பத்து நிமிஷம் உங்க பேச்சைக் கேட்டா எனக்கே கூட்டல் மறந்துபோகுது. அவ சின்னக் குழந்தை!"

"ஸ்கூலை மூடிட்டா என்னை எங்கேயோ தூக்கிப் போட்டுடுவாங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வர முடியும்."

மனைவி இதைச் சற்று நேரம் ஆவலோடு யோசித்தாள். பிறகு மனம் இறங்கி, "சரி, ஒரே ஒரு வருஷம்" என்றாள்.

இருபது ஆகிவிட்டது. பள்ளி பிழைத்துவிட்டது. முதல் நாள் மாலை மகள் வாசலிலேயே பையை வீசிவிட்டுக் குளியலறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"என்னடா செல்லம்?"

"உங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்லப்பா. கதவு தானா தொறந்துக்குது. பசங்க எட்டி எட்டிப் பார்க்கிறாங்க."

"மத்த பொண்ணுங்க எல்லாம் என்ன செய்யறாங்க?"

"காலையிலேருந்து தண்ணியே குடிக்காதே, அப்பதான் வராதுன்னு இஸ்திரிக்கார அக்கா பொண்ணு சொல்லிக் குடுத்தா. அங்க ஒரு பொண்ணும் குடிக்காதாம். நானும் குடிக்கல. மத்தியானம் தலை சுத்துச்சு, அவங்ககூடவே படுத்துட்டேன். நீங்ககூட பெரிய டீச்சர்கிட்ட எங்களைக் காட்டி 'வறுமை, வறுமை'ன்னு சொன்னீங்களே!"

மேசையைக் குத்திப் பழகிய கை அப்படியே தொங்கியது. இத்தனை வருடம் கைதட்டல் வாங்கித் தந்த வறுமை, ஒரு தாழ்ப்பாள்!

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே இரும்புக் கடைக்கு ஓடினார். மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே திருப்புளியோடு போய்க் கதவை நிமிர்த்தித் தாழ்ப்பாள் போட்டார். நிதி வரட்டும், நிதி வரட்டும் என்று எழுதி எழுதிக் காத்திருந்த பெரும்பணி அது. சங்கக் கூட்டத்து டீச் செலவில் பாதிகூட ஆகவில்லை.

அந்த வாரமே பெண் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயை முற்றுகையிட்டார்கள். மதியம் யாரும் துவளவில்லை. விழித்திருந்ததோடு விடாமல் கூட்டலில் சந்தேகமும் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் வாத்தியார் பாடம் நடத்தினார்.

இஸ்திரிக்காரி இளைய மகளைக் கையோடு கூட்டிவந்து சேர்த்தாள். கழிப்பறைக் கதவை ஒருமுறை தாழிட்டுத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க பொண்ணுங்க எத்தனை வருஷமா கேட்டுச்சுங்க! உங்க பொண்ணு வந்த மறுநாளே வந்துடுச்சே. ராசியான பொண்ணு சார்!" என்றாள். ராசி என்கிற சொல்லைக் கேட்டாலே மூடநம்பிக்கை என்று சீறுகிற வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

மாதக் கடைசியில் தலை எண்ண அதிகாரி வந்தார். எண்ணிக்கை சரியாக இருந்ததில் அவருக்குச் சற்று ஏமாற்றம். வகுப்பின் நடுவே கூரை ஒழுகிய இடத்தில் வைத்திருந்த வாளியைச் சுற்றிக்கொண்டு போனார்.

"இதெல்லாம் படிப்படியா சரியாகும். சீர்திருத்தம்னா ஒரே நாள்ல நடந்துடுமா?"

"நடக்கும் சார்" என்றார் வாத்தியார். "உங்க பேத்தி எங்க சார் படிக்கிறா?"

கட்டணத்துக்கே பேர்போன பள்ளி ஒன்றின் பெயரை அதிகாரி பெருமையோடு சொன்னார்.

"ஒரு நாள் மட்டும் இங்க அனுப்பி வைங்க சார்" என்றார் வாத்தியார். "மழை நாளா பார்த்து."