வெள்ளிக்கிழமை நண்பகல் லைன்

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில், கப்பல் கட்டும் தளமொன்றில் பார்லின்டுங்கான் பதினாறு வருடமாக நெட்வொர்க் பார்க்கிறவன். கேபிள் இழுக்கிற கூலியாக வந்தவன். அவன் வாரத்தில் நம்பியிருப்பது ஒரே ஒரு பொழுதைத்தான். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு முக்கால்வாசிப் பேர் தொழுகைக்கும் மீதிப் பேர் சாப்பாட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். கிறிஸ்தவனான அவன் மட்டும் நாற்காலியை விட்டு நகர மாட்டான். லைன் காலியாகக் கிடக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் யானைக் கனமுள்ள வரைபடங்களைத் தகடு வெட்டும் கொட்டகைக்கு அனுப்புவான். மற்ற நேரத்தில் அனுப்பினால் எல்லோர் கம்ப்யூட்டரும் திக்கித் திணறும்.

இது புது நிர்வாகி ஹர்ஜந்தோவின் காதுக்கு எட்டியது. அங்கே பிடித்தது சனி.

"லைன் சும்மாதானே கிடக்கு? என் பேச்சு வீடியோவ ஆயிரத்து எண்ணூறு பேர் கம்ப்யூட்டர்லயும் இறக்கிடு."

"சும்மா இல்ல சார். கப்பலோட அடிப்பாகத்துக்குத் திருத்தின படம் இன்னிக்குதான் முடிஞ்சுது. ஒரு மணிக்குள்ள போகலேன்னா பழைய படத்த வச்சு வெட்டிருவாங்க. வீடியோவ ஒரே இடத்துல வைக்கிறேன், வேணுங்கிறவங்க அங்க பாத்துக்கட்டும்."

"என் முகம் ஒவ்வொருத்தன் மேசையிலயும் இருக்கணும்யா!"

முகமாம். நாற்பது நிமிடப் பேச்சின் தலைப்பு, சிக்கனம். ஒரே குடத்துத் தண்ணீரை ஆயிரத்து எண்ணூறு நடை சுமக்கச் சொல்கிற ஆளுக்கு அதைப் பேச வாய் கூசவில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் பேச்சு கிளம்பியது. வரைபடம் நூற்றுக்கு மூன்றில் நின்றது. பன்னிரண்டடித்தும் அதே மூன்று. பார்லின்டுங்கான் கொட்டகை மேஸ்திரி கெதுத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நான் சொல்ற வரைக்கும் மெஷின ஓட்டாதீங்க."

"பெரியவர் எழுத்துல குடுத்தா நிறுத்துறேன்டா தம்பி. வாய்ப்பேச்சுக்கு நிறுத்தினா என் கழுத்துல கத்தி."

பெரியவரான ஹர்ஜந்தோ போனை அணைத்துவிட்டுத் தொழுகையில் இருந்தான். தகடு பாழானால் யார் தலை உருளும் என்று பார்லின்டுங்கானுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடியோவை நிறுத்தினாலும் அதே தலைதான். எப்படியும் போகிற தலை, தகடாவது மிஞ்சட்டும் என்று வீடியோவின் வேகத்தைக் குழாயைத் திருகுவதுபோல் திருகிச் சொட்டுச் சொட்டாக்கினான். வரைபடம் நகர்ந்தது. பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு கெதுத் கூப்பிட்டார்.

"வந்துருச்சுடா. பழசுல மூணு துளை இடம் மாறியிருக்கு. வெட்டியிருந்தா கப்பல் இல்ல, சல்லடை!"

ஒன்றேகாலுக்கு ஹர்ஜந்தோ வந்தான். "என் பேச்சு எத்தன பேருக்குப் போச்சு?"

"பதினாலு சார்."

"எவன்யா தடுத்தது?"

"நான்தான். கப்பலா பேச்சான்னு பாத்தேன்."

"எச்சரிக்கைக் கடிதம் வரும்!"

திங்கள் காலை எட்டரைக்கு, வேலை கொதிக்கிற நேரத்தில், லைன் மொத்தமும் படுத்தது. என்னவென்று தேடிப் பார்த்தான் பார்லின்டுங்கான். அவனுடைய எச்சரிக்கைக் கடிதம்தான். ஊழியர் அனைவருக்கும் நகல் போட்டிருந்தான் ஹர்ஜந்தோ. ஒவ்வொரு நகலின் வாலிலும் அந்த நாற்பது நிமிட வீடியோவைக் கட்டியிருந்தான்.