ஏரிக்கரை மொசலி

போனை எடுத்ததும் நான் செய்த முதல் தப்பு, சிரித்தது.

வனக்காவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இன்றும் எழுத உட்கார்ந்தால், நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

மழை விட்ட மறுநாள் காலை. ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் பேசுகிற ஊர். அங்கிருந்து முனிரத்தினம் என்ற எருமைக்காரர் கூப்பிட்டார்.

“சார், ஏரிக்கரையில ஒரு மொசலி படுத்துகினு கீதுங்க.”

எங்கள் பக்கம் முயலை மொசலு என்போம். என் காதில் அதுதான் விழுந்தது.

“இருந்துட்டுப் போவட்டும்யா. புடிச்சுக் கொழம்பு வெச்சே, கேஸ் போட்டுடுவேன்!”

“அய்யோ, இல்லீங்க. பெருசாத்தான் கீது. எம் பொண்டாட்டி எருமை கழுவணும்ன்றா. எறங்கலாங்களா?”

“தாராளமா எறங்கச் சொல்லு. ஆளைப் பார்த்தா அதுவே ஓடிடும்.”

“ஆங், சரிங்க.”

டீயைக் கையில் எடுத்தபடி ஜீப் டிரைவர் பாஷாவிடம் அவர் வார்த்தையிலேயே சொன்னேன், “யாரோ மொசலிக்குப் பயப்படறான்யா.”

பாஷா எழுந்தே விட்டார். “சார், தெலுங்குல மொசலின்னா முதலை சார்!”

டீ என் சட்டையெல்லாம் கொட்டியது. திரும்பப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஜீப்பில் போகும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவே இல்லை. “மிதிய்யா, மிதி!” என்று பாஷாவைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

ஏரிக்கரைச் சேற்றில் தடம் தெளிவாக இருந்தது. இரண்டு பக்கமும் நகம் பதிந்த காலடிகள், நடுவில் வால் இழுபட்ட கோடு. தரையில் முதலைக்கு நாலு காலும் வேலை செய்யவேண்டும். வேகமாக ஓடினாலும் கொஞ்ச தூரத்தில் களைத்துவிடும். தண்ணீரில் அப்படியில்லை. காலை உடம்போடு ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் அசைத்தால் போதும், ஓர் அலைகூட எழாது. அந்தத் தடம் தண்ணீர் ஓரத்தில் முடிந்திருந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் முனிரத்தினத்தின் மனைவி எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்த முனிரத்தினம் கரையில் சிரித்த முகமாக நின்றார்.

“நீங்க சொன்னது சரிங்க சார். எங்களைப் பார்த்ததுமே தண்ணிக்குள்ள ஓடிடுச்சு.”

நான் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன்.

“அம்மா, எருமையை விட்டுட்டு மேல வாங்க! தண்ணியை அடிக்காம வாங்க!”

“இன்னா சார், பாதிதான் கழுவிகினு கீறேன்.”

“வாம்மான்னா வா!” தொண்டை கிழியக் கத்தினேன்.

முனகிக்கொண்டே நடந்து வந்தாள். அவள் கால் சேற்றில் பட்டபோது, எருமைக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள் மேலே வந்தன. பார்த்துவிட்டு அப்படியே அமிழ்ந்தன. எருமை மிரண்டு, தண்ணீரை வாரியடித்துக்கொண்டு தானே கரையேறியது.

அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“நீங்கதானே சார் எறங்கச் சொன்னீங்க?”

“தப்பு என்னுதும்மா,” என்றேன்.

பிள்ளைகளே, ஏதாவது பிராணி என்று போன் வந்தால் பெயரோடு நிற்காதீர்கள். கால் எப்படி, வால் எப்படி, எப்படி நகர்கிறது என்று கேளுங்கள். கண்ணால் பார்க்காமல் யாரிடமும் ‘தாராளமா’ என்று சொல்லிவிடாதீர்கள். நாம் டீ குடித்துக்கொண்டே சொல்லுவோம். அதை நம்பி அவர்கள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள்.