முதல் போன் பாஸ்டனுக்கு

எண்பத்து நாலாம் வருடம், ஜூன் கடைசி சனிக்கிழமை. நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரிலிருந்த எங்கள் அபார்ட்மெண்டை விட்டுக் கிளம்பியபோது மாலை மூன்று மணி. கென்னடி விமான நிலையம் சுமார் ஐம்பத்தைந்து மைல். என் கணவர் அந்தோணி வண்டி ஓட்டிக்கொண்டே பாஸ்போர்ட் எடுத்தாயா, டிக்கெட் எடுத்தாயா, ஸ்வெட்டர் எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். என் மடியில் தூத்துக்குடியிலிருந்து வந்த அம்மாவின் கடிதம் இருந்தது. "வயிற்றில் கொஞ்சம் வலி. பயப்பட ஒன்றுமில்லை. படிப்பை விடாதே. டிசம்பரில் வந்தால் போதும்."

நான் போனது ஆறு வாரக் கோடைப் படிப்புக்கு. அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு வீட்டில் தங்கி அந்த ஊர் மொழி, சரித்திரம், ஆட்டம் பாட்டு எல்லாம் கற்க வேண்டும். பள்ளி லைப்ரரியில் உதவியாளாக இருந்த நான் டீச்சராவதற்கு ஆறு கிரெடிட் குறைந்தது. அம்மாவைப் பார்க்கப் போவதா, அயர்லாந்துக்குப் போவதா? இரண்டுக்கும் சேர்த்து லீவு கிடையாது. ஒரு மாதம் புலம்பித் தீர்த்துவிட்டு, அம்மாவின் கடிதத்தை நம்பி அயர்லாந்து என்று முடிவு செய்தேன். நம்புவது வசதியாக இருந்தது, நம்பினேன். வேறு சாக்குச் சொல்ல எனக்கு வாயில்லை.

"அம்மாவுக்கு ஏதாவதுன்னா உடனே சொல்லணும்," என்றேன் டெர்மினல் வாசலில்.

"சும்மா வொரி பண்ணாத லில்லி. நான் பாத்துக்கறேன். நீ போய் நல்லா படி."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷானன் விமான நிலையம். அங்கிருந்து கால்வே நகரம் ஐம்பத்தைந்து மைல்; பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் சிமெண்ட் பூசாத கல் சுவர்கள், அவற்றுக்குள் நனைந்த மாடுகள். மழை நிற்கவே இல்லை. உங்கள் ஊரில் மழை உண்டா என்று டிரைவர் கேட்டார். தூத்துக்குடியில் மழை என்றால் வருஷத்தில் நாலு நாள் என்றேன். "ஓ, மிச்சத்தை எல்லாம் இங்க அனுப்பிட்டது நீங்கதானா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

கால்வேயிலிருந்து கடலோரமாக மேற்கே பன்னிரண்டு மைல் போனால் ஸ்பிடல் கிராமம். நான் தங்கிய வீட்டுக்காரி நோராவுக்கு என் வயதுதான், நாற்பது. கணவன் இங்கிலாந்தில் கட்டட வேலை. அந்தச் சந்தில் போன் இருந்த ஒரே வீடு அவளுடையது. மூன்று வேளையும் உருளைக்கிழங்கு. நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை முதல் நாள் கிழங்கில் தடவித் தின்றுவிட்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். மறுநாள் அவளே பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

காலையில் மொழி வகுப்பு, மதியம் சரித்திரம், மாலை ஆறு மணிக்குச் சர்ச் ஹாலில் ஆட்டம். உடன் படித்தவர்கள் எல்லாம் இருபது வயது அமெரிக்கப் பெண்கள். இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, எட்டுப் பேர் கைகோத்து ஆடும் ஆட்டத்தை ஒரு தப்பும் இல்லாமல் ஆடி முடித்தேன், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. ஹாலே கைதட்டியது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமை சொல்லி முடியாது. அதைப் பற்றி மட்டும் என் கணவருக்கு நாலு பக்கம் எழுதினேன்.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, நியூஜெர்சியில் காலை பத்து, நோரா வீட்டிலிருந்து அவருக்கு, பணம் அவரே கட்டும்படி, கலெக்ட் கால் போடுவேன். அந்த ஞாயிறு அம்மாவைப் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"வலி எல்லாம் இப்ப இல்லையாம்," என்றார். "நீ எக்ஸாமைப் பாரு."

பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று சாயந்திரம் கடற்கரையில் மூன்று மைல் நடந்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை பதினொரு மணி. எதிர்வீட்டு பிரிட் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். அவள் கணவர் மைக்கேல் சற்று முன்புதான் இறந்திருந்தார். நோரா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே, போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஃபாதருக்குச் சொல்லத்தான் என்று நினைத்தேன். இல்லை. பாஸ்டனில் இருக்கும் மகளுக்கு. அங்கே விடிகாலை ஆறு மணி.

"முதல்ல உக்காரு," என்றாள் பிரிட். இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். மகள் அழும் சத்தம் எனக்கே கேட்டது. அந்த அழுகை அடங்கிய பிறகுதான் ஃபாதருக்கு, பிறகு ஊருக்கு.

வெள்ளிக்கிழமை மகள் வந்து சேரும்வரை மைக்கேலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஊரே வந்தது. வருகிறவர்கள் பிரிட்டின் கையைப் பிடித்து ஒரே வரி துக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். மைக்கேலின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். ஜெபமாலை அவர்கள் மொழியில் நடந்தது. வார்த்தை புரியாவிட்டாலும் எந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நான் 'அருள் நிறைந்த மரியே' என்று தமிழில் சொன்னேன். மகள் வந்ததும் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். அவள் அப்பாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று மதியம் நோராவோடு டீக் கோப்பைகள் கழுவியபோது கேட்டேன், ஏன் முதல் போன் பாஸ்டனுக்கு?

"தூரத்தில இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும். எங்களுக்கு அழ ஊரே இருக்கு. அவ அங்க ஒத்தையா அழணுமே."

எங்கள் வழக்கம் அப்படியில்லை என்றேன். என் அப்பா இறந்தபோது தம்பி செல்வம் மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தான், பரீட்சை நேரம். அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் சொன்னோம். அந்த யோசனை என்னுடையதுதான் என்று கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவே சொன்னேன். இப்போது அவன் டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் இன்ஜினியர், அந்தப் பரீட்சை பாஸானதால்தானே?

"அந்த நாலு நாள் அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டாள் நோரா.

"ஒரு நாள் சினிமாவுக்குப் போயிருந்தானாம்," என்றேன்.

நோரா கையிலிருந்த கோப்பையைத் துடைத்து வைத்தாள். அடுத்த கோப்பையை எடுத்தாள்.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. பரீட்சையில் நல்ல மார்க். நோரா பஸ் ஸ்டாப்பில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். கென்னடியில் இறங்கி வெளியே வந்தபோது பிற்பகல் மூன்று மணி. அவர் பெட்டியை வண்டியில் வைத்தார், உட்கார்ந்தார், சாவியைத் திருப்பவில்லை.

"லில்லி, அம்மா போயிட்டாங்க."

"எப்ப?"

"நீ போன ரெண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை. நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அடக்கம், கிளம்பியிருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது என்றார். தனியாக இருந்தாய், பரீட்சை வேறு என்றார். ஊரில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றார். நியூஜெர்சியில் எங்கள் சர்ச்சில் அம்மாவுக்காகப் பூசைகூட வைத்துவிட்டார்களாம். தமிழ்க் குடும்பத்தார் எல்லாம் வந்திருந்தார்களாம். மகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பாவி மனுஷா என்று அவர் தோளில் அடித்தேன். அவரும் அழுதார். அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் என் வாயிலிருந்து வந்ததுதான். அதற்கு மேல் எப்படித் திட்டுவது? எவருடைய கணவரின் சாவுக்கோ மூன்று நாள் டீ ஊற்றினேன், ஜெபமாலை சொன்னேன். என் அம்மாவுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ல என்னை விடவில்லையே.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. மேஜைமேல் அம்மாவின் போட்டோ, பாதி எரிந்த மெழுகுவர்த்தி.

"செல்வத்துக்கு இன்னும் சொல்லல," என்றார். "அடுத்த மாசம் கிரீன் கார்டு இன்டர்வியூ. இப்ப சொன்னா ஊருக்குக் கிளம்பிடுவான், எல்லாம் கெட்டுப்போயிடும். அது முடியட்டும். நீயே பக்குவமா சொல்லு."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரிலிருந்த போனை எடுத்து ஆலன் நம்பரைச் சுற்றினேன். அவர் "லில்லி, லில்லி" என்றார். தடுக்கவில்லை.

"அக்கா, வந்துட்டியா? டான்ஸ் எல்லாம் ஆடினியாமே, அத்தான் சொன்னாரு."

"ஆடினேன்," என்றேன். "செல்வம், முதல்ல உக்காரு."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சொன்னேன். பிறகு, "உனக்கு எப்பக்கா தெரியும்?" என்றான்.

"மூணு மணி நேரமா."

அப்புறம்தான் அவன் அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.